ஜான் பில்ஜரைப் பற்றி அரை மணி நேரம்: எங்கிருந்து தொடங்குவது? (டீகோ கார்சியாவா, கம்போடியாவா?)

வடசேரி_வாசகன் | வெள்ளி இரவு 9:40

எங்கள் தெரு வாசகசாலையில் மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். போன மாதம் வந்தவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இந்த மாதம் என் முறை. பத்திரிகையாளர் ஜான் பில்ஜரைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1939 அக்டோபர் 9 அன்று சிட்னியில் பிறந்தவர். 1962-ல் லண்டனுக்குப் போய், அடுத்த வருடம் டெய்லி மிரர் நாளிதழில் சேர்ந்தார். வியட்நாம் போரை நேரில் பார்த்து எழுதினார். 1970-ல் எடுத்த முதல் ஆவணப்படத்திலேயே, அமெரிக்கச் சிப்பாய்கள் மேலதிகாரி பேச்சைக் கேட்க மறுக்கிறார்கள் என்று காட்டிவிட்டார். லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் புகார் கொடுக்கும் அளவுக்குப் போனது. சர்வாதிகாரி போல் பாட் விழுந்த பிறகு, 1979-ல் கம்போடியாவுக்குப் போனார். அந்தப் படத்தைப் பார்த்த சாதாரண ஆங்கிலேயர்கள் யாரும் கேட்காமலே காசு அனுப்பினார்கள். மிரர் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் கைக்குப் போனபின், 1985 கடைசியில் வேலை போயிற்று. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. கிழக்குத் திமோர், இராக், பாலஸ்தீனம் என்று போய்க்கொண்டே இருந்தார். அறுபதுக்கு மேல் ஆவணப்படங்கள். 2023 டிசம்பர் 30-ல் லண்டனில் காலமானார், வயது 84.

பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றின் வெளியுறவுக் கொள்கையையும் கடைசிவரை திட்டிய மனிதர். என் மனைவி கேட்ட கேள்விதான் இப்போது சிக்கல். "இதெல்லாம் நம்ம ஊர்ல உள்ளவங்களுக்கு எதுக்கு?" என்றாள். பதில் வரவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

எம்டன்_பேரன் | வெள்ளி இரவு 10:05

ஆஸ்திரேலியாக்காரன் எதுக்கு அண்ணாச்சி? நம்ம நாஞ்சில் நாட்டு வழி வந்த செண்பகராமன் பிள்ளை இருக்காரு. ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல்ல வந்து சென்னை மேல குண்டு போட்டவராக்கும். வெள்ளைக்காரனை எதிர்த்துப் பத்திரிகையும் நடத்தினாரு. அவரைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? மொதல்ல அதைப் பேசுங்க.

மார்த்தாண்டம்_டீச்சர் | வெள்ளி இரவு 10:31

பத்திரிகை நடத்தினார் என்பது சரி. 1914-ல் சூரிச்சில் இருந்துகொண்டு 'புரோ இந்தியா' என்ற இதழை வெளியிட்டார். குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. செண்பகராமன் அந்த மாதம் ஐரோப்பாவில்தான் இருந்தார், கப்பலில் இல்லை. எம்டனில் அவர் இருந்தார் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் ஒன்றும் கிடையாது. முப்பது வருடம் வரலாறு எடுத்தேன், வருடம் தவறாமல் ஒரு பிள்ளை இந்தக் கதையைப் பரீட்சையில் எழுதிவிடும். மதிப்பெண் போடவும் மனசு வராது, அடிக்கவும் மனசு வராது.

அவருக்கு உள்ள பெருமைக்கு இந்தக் கப்பல் தேவையில்லை. ஜெர்மனியிலேயே இருந்துகொண்டு, இந்தியரை இழிவாகப் பேசியதற்கு ஹிட்லரையே எதிர்த்துக் கேட்டவர். 1934-ல் பெர்லினில் இறந்தார். அஸ்தி 1966-ல்தான் நம் கடற்படைக் கப்பலில் ஊர் வந்தது.

எம்டன்_பேரன் | வெள்ளி இரவு 10:40

எங்க தாத்தா சொன்னது பொய்யா டீச்சர்? பேரையே மாத்தணும் போல இருக்கு.

துறைக்காரன் | சனி காலை 6:15

தலைப்புல டீகோன்னு பாத்ததும் உள்ள வந்தேன். பத்திரிகைக்காரர் யாருன்னு எனக்குத் தெரியாது. டீகோ கார்சியா தீவ நல்லாத் தெரியும், தெக்கே இந்தியப் பெருங்கடல்ல கெடக்குது.

நான் தூத்தூர் பக்கம். நீரோடியில இருந்து இரயுமன்துறை வரைக்கும் எட்டு ஊரு, எல்லா ஊர்லயும் சுறாவுக்குத் தங்கல் போறவங்க உண்டு. முப்பது நாள், நாப்பது நாள் கடல்லயே கெடப்போம். ஐஸ், டீசல், அரிசி எல்லாம் கணக்குப் போட்டு ஏத்திக்கிட்டுப் போறது. மீனு தெக்கே இறங்கிச்சுன்னா நாங்களும் தெக்கே இறங்குவோம். கன்னியாகுமரியில இருந்து டீகோவுக்கு நேர்கோட்டுல 1,800 கிலோமீட்டர் வரும். சென்னை போறதப் போல ரெண்டு மடங்குக்கு மேல.

ஜிபிஎஸ்ல ஒரு கோடு வரும், அந்தத் தீவுக் கடலோட எல்லை. போட்ட ஓட்டுற ஸ்ராங்கு அதைப் பாத்ததும் "இனி போவாண்டாம் மக்கா"ன்னு சொல்லிடுவாரு. தூண்டில்ல பெரிய மீனு மாட்டி இழுத்துக்கிட்டே போயிருச்சுன்னா, இல்ல இஞ்சின் நின்னு நீரோட்டம் கொண்டு போச்சுன்னா கோடு எங்க தெரியுது? எங்க பக்கத்துப் போட்டுகள் அங்க பிடிபட்டது புதுசு இல்ல. மீனு போவும், தூண்டில் சாமான் போவும், கோர்ட்டு, அபராதம். வீட்டுல உள்ள பொம்பளைங்க பங்குத்தந்தை கிட்ட ஓடுவாங்க, அவரு கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவாரு. பிடிச்சவங்க சோறு குடுத்தாங்க, அடிக்கலன்னுதான் திரும்பி வந்தவங்க சொன்னாங்க. அதையும் சொல்லணும்லா.

இப்பம் தடைக்காலம், அதனால கரையில இருக்கேன். அண்ணாச்சி, அந்தத் தீவுக்கும் இந்தப் பத்திரிகைக்காரருக்கும் என்ன சம்பந்தம்?

வடசேரி_வாசகன் | சனி காலை 8:20

தம்பி, என் மனைவி கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் பதில்!

சம்பந்தம் இதுதான். இப்போது அமெரிக்கப் பட்டாளம் இருக்கும் அந்தத் தீவில் முன்பு ஜனங்கள் குடியிருந்தார்கள். அவர்களை எப்படி வெளியேற்றினார்கள் என்று 2004-ல் பில்ஜர் ஒரு ஆவணப்படம் எடுத்தார்.

துறைக்காரன் | சனி காலை 8:26

ஆள் குடியிருந்தாங்களா? அங்கயா?

பதினாறு வயசுல இருந்து கடலுக்குப் போறேன். அது ஆதிகாலத்துல இருந்தே பட்டாளத்துத் தீவுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சிருந்தேன். எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு.

மார்த்தாண்டம்_டீச்சர் | சனி காலை 11:02

அப்படி நினைக்க வைப்பதற்குத்தான் அத்தனை பாடும் பட்டார்கள்.

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது டீகோ கார்சியா. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தென்னந்தோப்பு போட்டார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். வேலை என்ன தெரியுமா? தேங்காய் உரிக்கிறது, கொப்பரை காயவைக்கிறது, எண்ணெய் ஆட்டுறது. நம் மாவட்டத்தில் யாரை வேண்டுமானாலும் அங்கே கொண்டு விட்டிருந்தால் மறுநாளே வேலைக்கு இறங்கியிருப்பார்கள்.

1965 நவம்பரில், மொரீஷியசுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன்பே, இந்தத் தீவுகளை மட்டும் பிரிட்டன் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. அதற்கு மொரீஷியசுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுன். 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தம். அமெரிக்கா வாடகையாக ஒரு காசு கொடுத்ததாகக் கணக்கில் இல்லை. ஆனால் பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைக்கான செலவில் 1.4 கோடி டாலர் வரை ரகசியமாகத் தள்ளுபடி நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே சொல்லவில்லை.

இடம் வேண்டும், ஆள் வேண்டாம். அதுதான் பேரம். சிகிச்சைக்கு மொரீஷியஸ் வந்தவர்கள் திரும்பிப் போகக் கப்பல் ஏறப் போனால், "உங்கள் தீவு விற்றாயிற்று" என்று பதில் வந்தது. பிறகு சரக்குக் கப்பல் வருவதைக் குறைத்தார்கள், அரிசி மாவு தட்டுப்பட்டது. 1971-ல் தீவில் இருந்த நாய்களை எல்லாம் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். நாய்க்கு நேர்ந்ததைப் பார்த்த ஜனம் அதற்குமேல் என்ன கேள்வி கேட்கும்? 1973-க்குள் எல்லாரையும் கப்பலில் ஏற்றி மொரீஷியசிலும் செஷல்சிலும் இறக்கிவிட்டார்கள். மொத்தம் 1,500-லிருந்து 2,000 பேர்.

அந்தக் காலத்து லண்டன் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளில், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி என்று யாரும் இருக்கக்கூடாது என்று ஒருவர் எழுத, பறவையோடு சில டார்ஜான்களும் இருக்கிறார்களே என்று இன்னொருவர் கேலியாகச் சேர்த்தார். பில்ஜர் படத்தின் பலமே இதுதான். ஒரு பக்கம் அந்தக் காகிதம், இன்னொரு பக்கம் அந்தத் தீவில் பிறந்து மொரீஷியசின் போர்ட் லூயி நகரச் சேரியில் கிடக்கும் பாட்டிமார் முகம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்.

பழைய_நிருபர் | சனி மதியம் 2:45

டீச்சர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பில்ஜரைத் தூக்கிச் சுமக்கும் முன் சில விஷயம் சொல்ல வேண்டும். நானும் ஒரு நாளிதழுக்கு இந்த மாவட்டத்தில் பகுதிநேர நிருபராக இருந்தவன். செய்தி வந்த நீளத்தைச் செண்டிமீட்டர் கணக்கில் அளந்து காசு வாங்கிய ஜாதி.

முதலாவது, டீகோ கார்சியா கதையை முதலில் வெளியே கொண்டுவந்தது அவர் இல்லை. 1975-லேயே வாஷிங்டன் போஸ்ட் எழுதிவிட்டது. பில்ஜர் படம் எடுத்தது அதற்கு இருபத்தொன்பது வருடம் கழித்து.

இரண்டாவது, 1982-ல் தாய்லாந்தில் ஒரு அடிமைச் சிறுமியைக் காசு கொடுத்து மீட்டதாக மிரரில் எழுதினார். அது இட்டுக்கட்டிய ஏற்பாடு, அவரை அழைத்துப் போன ஆள் காசுக்காக ஜோடித்தது என்று ஹாங்காங் பத்திரிகை ஒன்று அம்பலமாக்கியது. பில்ஜர் ஏமாந்தார். செய்தி தேடிக் காசோடு போகிறவனுக்குச் செய்தி தானாகவே முளைக்கும், இது எங்கள் தொழிலில் பாலபாடம். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலே தெரிந்துவிடும். 1991-ல் கம்போடியா பற்றிய இன்னொரு படத்துக்காக இரண்டு பேருக்கு மானநஷ்ட ஈடு கொடுக்க வேண்டியும் வந்தது.

மூன்றாவது, கடைசிக் காலம். 2018-ல் பிரிட்டனில் ரஷ்ய முன்னாள் உளவாளி ஸ்கிரிபாலுக்கு விஷம் வைத்த சம்பவத்தை, ஜோடிக்கப்பட்ட நாடகம் என்ற மாதிரி பேசினார். அங்கே போகவும் இல்லை, கையில் காகிதமும் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் சொன்னால் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு பேசினார். அது நிருபர் வேலை இல்லை, ஜோசியம்.

சிறியவனை நெருங்கி நின்று கேட்டு எழுதியபோது இவரைப் போல எழுத ஆள் கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குவைத்_குழித்துறை | சனி மாலை 5:10

அண்ணாச்சி, வேறு யாரும் சொல்லாததை ஒன்று சேர்க்கிறேன். 2009 மே மாதம் வன்னியில் அந்தக் கடைசி நாட்கள் நடக்கும்போதே, நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் ஈழத் தமிழர்களுக்காகக் குரல் கொடுத்து எழுதினார். அப்போது நான் இங்கே கம்பெனி அறையில் ஆறு பேரோடு படுத்துக்கிடந்தேன், தூக்கம் வராது. ஒரு ஆள் ஆங்கிலத்தில் நமக்காக எழுதியிருக்கிறார் என்று பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். தாய்லாந்துச் சிறுமி விஷயத்தில் ஏமாந்தார் என்பதற்காக இதை என்னால் தள்ளமுடியாது.

பழைய_நிருபர் | சனி மாலை 5:32

தள்ளச் சொல்லவில்லை தம்பி. எனக்கும் அது ஓர்மை இருக்கு. ஆனால் நமக்காக எழுதினார் என்பதற்காகவே அவர் எழுதியது எல்லாம் சரி என்று ஆகாது, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

எம்டன்_பேரன் | சனி மாலை 5:50

வெளிநாட்டுக்காரன் குத்தம் பேசுறது சுலபம். நம்ம நாடு மட்டும் என்னவாம்? 2024 பிப்ரவரியில மொரீஷியசோட அகலேகா தீவுல ஓடுதளமும் படகுத்துறையும் கட்டித் திறந்தாச்சு. அங்கயும் தென்னந்தோப்பு, அங்கயும் முந்நூறு சொச்சம் ஜனம். அதைப் பத்தி ஒருத்தரும் பேசமாட்டேங்கிறியளே.

குவைத்_குழித்துறை | சனி மாலை 6:04

அதுவும் இதுவும் ஒன்றா? அங்கே யாரையும் விரட்டவில்லை, ராணுவத் தளம் இல்லை என்று இரண்டு அரசும் சொல்கின்றன. 2019-ல் ஐநா பொதுச்சபையில் சாகோஸ் விஷயத்தில் மொரீஷியஸ் பக்கம் இந்தியா ஓட்டுப் போட்டது. 116 நாடு மொரீஷியஸ் பக்கம், 6 நாடு எதிர்ப்பக்கம்.

பழைய_நிருபர் | சனி மாலை 6:30

அரசு சொல்வதை அரசு சொன்னதாக எழுதலாம். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது வேறு. எம்டன் தம்பி கேட்டது நல்ல கேள்வி, கோபத்தில் கேட்டாலும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். வருடம் வேண்டாம், பத்திரிகைப் பெயரும் வேண்டாம். இந்தக் கடற்கரையில் ஒரு போட்டு வெளிநாட்டுக் கடலில் பிடிபட்டது. ஊருக்குப் போனேன். போட்டில் போனவனின் தாய் என்னிடம் கேட்டாள்: "கடல்ல கோடு போட்டவங்க எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்களா?" அதை வைத்து நாலு பத்தி எழுதினேன். எந்த ஒப்பந்தம், எந்த எல்லை, நம் அரசு அப்போது என்ன பேசியது, என்ன பேசவில்லை என்று எல்லாம் விசாரித்து எழுதினேன். வந்தது ஒரு பத்தி. இத்தனை மீனவர்கள் சிறைபிடிப்பு, உறவினர்கள் கவலை, முடிந்தது. போன் போட்டுக் கேட்டேன். "வெளியுறவு விவகாரம் எல்லாம் டெல்லியில பாத்துக்குவாங்க, நீங்க விபத்து, கோயில் கொடை மட்டும் அனுப்புங்க" என்றார்கள். அதன்பிறகு பத்து வருடம் கோயில் கொடைதான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

பில்ஜர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர் | சனி இரவு 7:00

நடுவில் இரண்டு பதிவுகள் நீக்கம். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

துறைக்காரன் | சனி இரவு 8:48

நிருபர் ஐயா, அந்த அம்மா கேட்டது எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான்.

ஒரு சந்தேகம். அங்க மீன் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் எப்பம் வந்தது? எங்க மூத்தவங்க அந்தக் காலத்துல இவ்வளவு கெடுபிடி இல்லன்னு சொல்லுவாங்க.

மார்த்தாண்டம்_டீச்சர் | சனி இரவு 9:20

இது முக்கியமான கேள்வி. 2000 நவம்பரில் ஒலிவியே பான்கூல் என்ற தீவுக்காரர் தொடுத்த வழக்கில், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2004 ஜூனில் நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லாமல், ராணியின் பெயரில் ஒரு ஆணை போட்டு அதை ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். பில்ஜர் படம் வந்தது அதே வருடம். 2008-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்று அரசு பக்கம் தீர்ப்பளித்தது.

2010 ஏப்ரலில் சுற்றியுள்ள கடலைக் கடல்வளப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தார்கள். சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல நாலு மடங்குக்கு மேல். வணிக மீன்பிடிப்பு முழுத் தடை. பவளப்பாறைக்கு நல்லதுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிறகு விக்கிலீக்ஸில் வெளியான அமெரிக்கத் தூதரகத் தந்தியில் இன்னொரு காரணமும் இருந்தது. பாதுகாப்புப் பகுதி ஆக்கிவிட்டால், தீவுக்காரர்கள் திரும்பி வரக் கேட்பது கஷ்டமாகிவிடும் என்று லண்டன் அதிகாரி சொன்னதாக.

2019-ல் சர்வதேச நீதிமன்றம் தீவுகளைப் பிரித்ததே தவறு என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22-ல் பிரிட்டன் மொரீஷியசோடு ஒப்பந்தம் கையெழுத்திட்டது. தீவுகள் மொரீஷியசுக்கு, டீகோ கார்சியாவின் தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்கு. பில்ஜர் அதைப் பார்க்க இல்லை. பார்த்திருந்தாலும் 99 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதியிருப்பார்.

துறைக்காரன் | சனி இரவு 9:41

அப்பம் நாங்க தாண்டக்கூடாதுன்னு சொல்ற கோடும், அவங்க திரும்பி வரக்கூடாதுன்னு போட்ட கோடும் ஒண்ணுதானா.

மார்த்தாண்டம்_டீச்சர் | ஞாயிறு காலை 7:10

ராத்திரி தூக்கத்தில் ஞாபகம் வந்தது, எழுந்து பழைய நோட்டைத் தேடிப் பார்த்தேன். எம்டன் பேரா, கொஞ்சம் வா.

சென்னையில் குண்டு போட்டுப் பதினேழாம் நாள், 1914 அக்டோபர் 9 அன்று, எம்டன் போய் நங்கூரம் போட்ட இடம் எது தெரியுமா? டீகோ கார்சியா. போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் தீவுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ஜெர்மன்காரர்களும் மூச்சு விடவில்லை. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கரி ஏற்றிக்கொண்டார்கள். தீவில் பழுதாகிக் கிடந்த மோட்டார் படகை அவர்கள் ஆட்களே சரிசெய்து கொடுத்தார்கள். தீவுக்காரர்கள் பதிலுக்கு மீனும் பன்றியும் கொடுத்து அனுப்பினார்கள்.

அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள் யாரும் இல்லை என்று லண்டன் சொன்ன பொய்க்கு, உன் எம்டனே சாட்சி.

பழைய_நிருபர் | ஞாயிறு காலை 7:55

டீச்சர், அருமை. ஆனால் லண்டன் வக்கீல் என்ன சொல்வான்? மோட்டார் படகு தோட்ட மேலாளருடையது, மற்றவர்கள் ஒப்பந்தத்துக்கு வந்த கூலிகள் என்பான். கூட்டத்தில் யாராவது கேட்டால் பதில் வேண்டும்.

மார்த்தாண்டம்_டீச்சர் | ஞாயிறு காலை 8:12

கிழக்கு முனை என்ற இடத்தில் பழைய தோட்டத்தின் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இன்றும் இருக்கின்றன. கூலிக்கு வந்துபோகிறவன் தலைமுறை தலைமுறையாக அங்கேயே புதைந்து கிடப்பானா?

துறைக்காரன் | ஞாயிறு காலை 10:30

இப்பந்தான் பூசை முடிஞ்சு வந்தேன். கூலின்னா ஊரு கிடையாதுன்னு சொல்றானா? நாங்களும் பங்குக்கும் கூலிக்குந்தான் போட்டுல போறோம். பாதிப் பேர் கொச்சியில இருந்துதான் கடலுக்கு ஏறுறது. கல்லறைத் திருநாளுக்கு எங்க வந்து நிக்கிறோம்?

எம்டன்_பேரன் | ஞாயிறு காலை 11:15

தாத்தா கப்பல் கதையில செண்பகராமன் இல்லைன்னா பரவாயில்ல. டீகோ இருக்கே. அது போதும் எனக்கு. டீச்சர், பேரை மாத்தல.

வடசேரி_வாசகன் | ஞாயிறு இரவு 8:30

முடிவு பண்ணிவிட்டேன். சிட்னியில் பிறந்தார், லண்டன் போனார் என்று தொடங்கப் போவதில்லை. எம்டனில் தொடங்கி, தீவில் இறங்கி, பத்தாவது நிமிடத்தில்தான் பில்ஜர் வருவார். கம்போடியாவை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவேன். தாய்லாந்துச் சிறுமி விஷயத்தையும் 2018-ல் சொன்னதையும் ஒளிக்க மாட்டேன், நிருபர் ஐயாவே அந்தப் பகுதியைப் பேசினால் இன்னும் நல்லது. கோயில் கொடை வரை சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தவில்லை, ஆனால் சொன்னால் ஜனம் கேட்கும்.

அடுத்த ஞாயிறு மாலை 4 மணி. துறைக்காரர் தம்பி வர முடியுமா?

பழைய_நிருபர் | ஞாயிறு இரவு 8:52

மைக் வேண்டாம் என்றால் வருகிறேன்.

துறைக்காரன் | ஞாயிறு இரவு 9:05

தடைக்காலம் முடிய மூணு வாரம் கெடக்கு, வாரேன். தூத்தூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும், நேரம் முன்னப்பின்ன ஆகும். அங்க புரொஜெக்டர் உண்டா? போன தங்கல்ல ஸ்ராங்கு ஜிபிஎஸ்ஸ நான் ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தேன். அந்தக் கோடு அதுல நல்லாத் தெரியும்.

வடசேரி_வாசகன் | ஞாயிறு இரவு 9:07

புரொஜெக்டர் இல்லை, பக்கத்து ட்யூஷன் சென்டரில் டிவி இருக்கிறது, கேட்டு வாங்கிவிடலாம். மழை இருந்தால் மூன்று பேர் கூடுதலாகவும் வருவார்கள்.